கரையேற்ற ஓர் இடம்

பொஸ்டனுக்கு வடக்கே பழைய படகு வைத்திருப்பவர்கள் ஒரு யார்டுக்குத் தொலைபேசி எடுத்தால் முதலில் கேட்பது வாடகையை அல்ல. என் படகில் நானே வேலை செய்யலாமா என்பதைத்தான். செப்டம்பர் கடைசியில் இந்தக் கேள்வி சூடு பிடிக்கும். ஒக்டோபர் நடுவில் தண்ணீர் குளிர்ந்துவிடும். படகுகளைத் தூக்கிக் கரையில் நிறுத்தினால் ஏப்ரல், மே வரை அங்கேயேதான். தூக்குகிற யார்டுகளுக்குக் குறைவில்லை. ஏணி வைத்து ஏறி, அடியை நீயே சுரண்டி நீயே பூசிக்கொள் என்று சொல்கிற இடங்கள்தான் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்துகின்றன.

பதில்கள் பல விதமாக வரும். நீர்மட்டக் கோட்டுக்கு மேலே என்னவும் செய்யலாம், கீழே எங்கள் ஆட்கள்தான் என்பார்கள் ஓரிடத்தில். இன்னோரிடத்தில் வேலை செய்யலாம், ஆனால் பெயின்ட் முதல் ஆணி வரை அவர்களுடைய கடையிலேயே வாங்க வேண்டும். வெளியாளைக் கூட்டி வரலாம், அவரிடம் காப்புறுதிப் பத்திரம் இருக்க வேண்டும், அவருடைய கூலியில் ஒரு பங்கு யார்டுக்கு வர வேண்டும் என்பது வேறொரு இடம். பெரிய யார்டுகளில் கூலி மணிக்கு 100 டொலருக்கு மேல். தளம் உக்கிப்போன ஒரு பழைய படகைத் திருத்த அவர்கள் சொல்லும் தொகை அந்தப் படகின் விலையைவிடப் பல மடங்கு கூட. அதனால் என்ன நடக்கிறது? இன்னும் ஐம்பது வருடம் ஓடக்கூடிய படகுகளை வெட்டிக் குப்பைக்கு ஏற்றுகிறார்கள். சொந்தக்காரருக்கு ஆசை இல்லாமல் அல்ல, நேரம் இல்லாமலும் அல்ல. வேலை செய்ய ஒரு துண்டு நிலம் இல்லாமல்.

என்னுடையது ட்ரைட்டன். ரோட் ஐலண்டின் பிரிஸ்டலில் பியர்சன் குடும்பத்து ஒன்றுவிட்ட சகோதரர்கள் இருவர் கட்டிய வகை. 1959 ஜனவரியில் நியூயோர்க் படகுக் கண்காட்சியில் முதலில் காட்டினார்கள். 1967 வரை எழுநூறு அளவில் கட்டினார்கள். நீளம் இருபத்தெட்டு அடிக்குச் சற்றுக் கூட. வரைந்தவர் கார்ல் ஆல்பர்க். சுவீடனில் பிறந்து இங்கே வந்தவர், மார்பிள்ஹெட்டில் வாழ்ந்தவர். அவர் வரைந்த உடம்புக்கு ஒரு குனிவும் நீட்சியும் உண்டு. தூரத்தில் நின்றே சொல்லிவிடலாம் இது ஆல்பர்க் என்று. ஃபைபர்கிளாஸ் அப்போது புதிய பொருள். மரம் செதுக்கிப் பழகிய தலைமுறை அதைத் தாராளமாகவே அடுக்கியது, ஆகவே உடம்பு இன்றைக்கும் உறுதி. பலவீனம் தளத்தில்தான். மேலே ஒரு ஃபைபர்கிளாஸ் தோல், கீழே ஒரு தோல், நடுவில் பால்சா மரம். பாய்மரக் கம்பிகளும் கைப்பிடிகளும் ஆணி வழியே இறங்குகிற இடங்களில் மழைநீர் கசிந்தால் பால்சா ஊறிக் கறுத்துச் சேறாகிவிடும். மேலே நடக்கிறபோது காலடியில் ஒரு மென்மை தெரியும். அந்த மென்மை தெரிந்த நாளிலிருந்துதான் நான் யார்டு தேடத் தொடங்கினேன்.

அறுபது வயதான ஃபைபர்கிளாஸ் என்றாலும் அதில் சாண்டரை வைத்ததும் ரெசினின் பழைய வாசனை எழும்பும். ஸ்டைரீன் வாசனை. முதல் தடவை அது முகத்தில் அடித்தபோது நான் மாசசூசெட்ஸில் இல்லை, யாழ்ப்பாணத்துக் காரைநகரில் இருந்தேன். மாமா ஒருநாள் சைக்கிள் பாரில் இருத்திச் சீநோர் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நோர்வேக்காரர்களின் உதவியோடு தொடங்கிய இடம். வடக்குக் கரைக்கு ஃபைபர்கிளாஸ் வள்ளங்கள் அங்கிருந்துதான் வந்தன. அச்சுக்குள் கண்ணாடி நார்ப் பாயை விரித்து, ரெசினை ஊற்றி உருளையால் உருட்டிக்கொண்டிருந்தார்கள். மரம் இல்லை, உளி இல்லை. மாமா வெகுநேரம் பேசாமல் பார்த்தார். வெளியே வந்து, "இனி ஓடாவிமாருக்கு என்ன வேலை, தம்பி?" என்று கேட்டார். எனக்கு அப்போது பதில் சொல்லத் தெரியாது.

மரத்தில் வள்ளமும் கப்பலும் கட்டுகிற ஓடாவிமாரின் ஊர் எங்களுடையது. வல்வெட்டித்துறை. ஒரு காலத்தில் அங்கே கட்டிய பாய்க்கப்பல்கள் பர்மா வரை போய் வந்தன. நான் பிறந்தபோது கப்பல்கள் இல்லை, மீன்பிடி வள்ளங்கள்தான். வாடைக்காற்று தொடங்கினால் கடல் கொந்தளிக்கும், வள்ளங்கள் கரையேறும். உருளைக் கட்டைகளை அடியில் போட்டுத் தோள் கொடுத்து ஏற்றுவார்கள். ஏற்றியபின் கடற்கரை முழுவதும் வேலை. அடியில் ஒட்டிய கொட்டலசைச் சுரண்டும் சத்தம், கலப்பத்து அடிக்கும் சுத்தியல் சத்தம், குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சும் புகை, சுறா எண்ணெயின் நாற்றம். பலகைகளின் இடுக்கில் நூலைத் திணித்து, மேலே குங்கிலியம் பூசி, அடிப்பக்கத்துக்குச் சுண்ணாம்பும் எண்ணெயும் குழைத்துத் தடவுவார்கள். இவன் வள்ளத்தில் இவன் வேலை செய்யலாமா என்று அந்தக் கரையில் யாரும் கேட்டதில்லை. வேலை செய்யாதவனைத்தான் கேட்டார்கள், ஏன் சும்மா நிற்கிறாய் என்று.

அம்மப்பா கலப்பத்து அடித்தவர். கடலுக்குப் போவதை விட்டபின் யார் வள்ளத்துக்கு வேலை என்றாலும் போய்க் குந்தியிருப்பார். கையில் மரச்சுத்தியல். நூல் போதிய அளவு இறங்கிவிட்டதா என்பதைக் கண்ணால் பார்க்க மாட்டார். அடியின் ஒலி மாறுகிறதைக் கேட்டு அடுத்த சாணுக்கு நகர்வார். "கடலிலை நிக்கேக்கை வள்ளம் வாய் திறக்காது. கரையிலை ஏத்தினாப் பிறகுதான் தன்ரை வருத்தத்தைச் சொல்லும்," என்பார். எனக்கு அவர் கொடுத்த முதல் வேலை கொட்டலசு சுரண்டுவது. முழங்கை எல்லாம் கீறல். அந்த வாடைக்காலத்திலேயே அணியத்திலிருந்து சுக்கான் வரை வள்ளத்தின் அடி எனக்கு மனப்பாடம். எங்கே பலகை மாற்றியது, எங்கே அடிமரமான ஏராவில் வெடிப்பு, எல்லாம் விரலுக்குத் தெரியும். கூலிக்கு ஆள் விட்டிருந்தால் அது தெரிந்திருக்காது. யார்டு தேடி நான் இவ்வளவு அலைந்ததற்குக் காரணம் பணம் மட்டுமல்ல, அந்த அறிவும்தான். நடுக்கடலில் இரவில் ஒரு சத்தம் கேட்டால் அது எந்த மூலையிலிருந்து வருகிறது, அங்கே நான் என்ன வைத்துக் கட்டினேன் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் யார்டுக்காரர்கள் பக்கமும் நியாயம் உண்டு. அதை விளங்கிக்கொள்ளாமல் அவர்களைத் திட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

சுண்ணாம்பும் எண்ணெயும் பூசிய காலம் போய், படகின் அடியில் எதுவும் ஒட்டாமல் இருக்க நஞ்சு கலந்த பெயின்ட் வந்தது. அதில் மிகத் திறமையானது டிரிபியூட்டில்டின் என்ற வெள்ளீயக் கலவை. 1970-களின் கடைசியில் பிரான்சின் ஆர்க்காஷோன் குடாவில் சிப்பிப் பண்ணைகள் படுத்துவிட்டன. சிப்பிக் குஞ்சுகள் பிழைக்கவில்லை. பிழைத்தவற்றின் ஓடு கோணல்மாணலாகத் தடித்தது. காரணம் குடாவில் நின்ற படகுகளின் பெயின்ட். பிரான்ஸ் 1982-இல் சிறு படகுகளுக்கு அதைத் தடுத்தது, பிரிட்டன் 1987-இல், அமெரிக்கா 1988-இல். உலகம் முழுவதற்குமான தடை 2008-இல்தான் நடைமுறைக்கு வந்தது. இன்றைக்கு நாங்கள் பூசுவது பெரும்பாலும் செப்பு. அதுவும் நஞ்சுதான். மிகச் சிறிய அளவு செப்பு நீரில் கரைந்தாலே சால்மன் குஞ்சுகளின் மோப்பம் மங்கிவிடுகிறது. எதிரி நெருங்குவதை அவை மணந்து அறிய முடிவதில்லை. ஒருவர் உற்சாகத்தோடு வந்து திறந்த வெளியில் படகின் அடியை உப்புத்தாளால் தேய்த்தால் சிவப்பும் நீலமுமாகத் தூசி பறக்கும். அடுத்த மழையில் அது ஆற்றுக்குப் போகும். அபராதம் யார்டுக்காரருக்கு. அந்தத் தூசியை அவருடைய வேலையாட்கள்தான் நாள்தோறும் சுவாசிக்கிறார்கள்.

இன்னொன்று, படகு விழுவது. கரையில் நிற்கிற படகின் பாரம் ஏராவின் அடியில் உள்ள மரக்கட்டைகளில் இருக்கிறது. பக்கங்களில் இரும்பு முக்காலிகள் சாயாமல் பிடிக்கின்றன. எதிரெதிர் முக்காலிகளை இணைத்து அடியில் சங்கிலி ஓடும். பெயின்ட் பூச மறைக்கிறது என்று சொந்தக்காரர் ஒருவர் முக்காலியைத் தானே தளர்த்தி நகர்த்தினால், சில தொன் எடை அவர் மேலேயே வரலாம், பக்கத்துப் படகின் மேலும் வரலாம். காப்புறுதி நிறுவனங்கள் இதைக் கணக்குப் பார்த்துத்தான் யார்டுக்காரரிடம் அந்நியரை உள்ளே விடாதே என்கின்றன.

இவை இரண்டுக்கும் பரிகாரம் உண்டு. தூசியை உறிஞ்சும் சாண்டர், நிலத்தில் விரிப்பு, முகமூடி, முக்காலியில் கை வைக்காதே என்ற கண்டிப்பு. பரிகாரம் இல்லாதது மூன்றாவது: நிலத்தின் விலை. தண்ணீரைப் பார்த்திருக்கிற ஓர் ஏக்கரில் அழுக்குப் படகுகளை நிறுத்தி வரும் வாடகைக்கும், அதே இடத்தில் அடுக்குமாடி வீடு கட்டி விற்றால் வரும் பணத்துக்கும் ஒப்பே இல்லை. பட்டறை வைத்திருந்த கிழவர் இறந்துபோகிறார், பிள்ளைகள் விற்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒரு தடவை போன கரை திரும்பி வருவதில்லை.

அதனால்தான் குளோஸ்டருக்குப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு நிம்மதி. மாசசூசெட்ஸ் 1978-இல் சில துறைமுகங்களைத் தனியாக வகுத்து, கடல் தொழிலுக்கு வேண்டிய கரையை அதற்கே ஒதுக்கியது. குளோஸ்டரின் உள்துறைமுகம் அவற்றில் ஒன்று. அந்த எல்லைக்குள் ஹோட்டலோ அடுக்குமாடி வீடோ எழும்ப முடியாது. வடக்கே மேய்ன் மாநிலத்தில் 2005-இல் மக்கள் வாக்களித்து அரசியலமைப்பையே திருத்தினார்கள். மீன்பிடித் தொழிலுக்குப் பயன்படும் கரைநிலத்துக்கு மாளிகை விலையில் அல்ல, இப்போதைய பயன்பாட்டை வைத்தே வரி போடலாம் என்று. சட்டம் போட்டுக் காப்பாற்ற வேண்டிய நிலைக்கு ஒரு கடற்கரை வந்துவிட்டதே என்பது துக்கம்தான். காப்பாற்றுகிறார்கள் என்பது பெரிய விஷயம். எங்கள் கரைக்கு அப்படி ஒரு சட்டம் இருந்ததில்லை. அதை எடுத்துக்கொண்டது பணமல்ல, யுத்தம். கடலில் இறங்கத் தடை, கரையில் நிற்கத் தடை. வருடக்கணக்கில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் கலப்பத்துக்காரர்கள். இளையவர்கள் யாரிடம் போய்ப் பழகுவது?

குளோஸ்டரில் எனக்கு இன்னொரு காரியமும் உண்டு. அம்மப்பா சொல்லுவார், எங்கடை கப்பல் ஒன்று அமெரிக்காவுக்குப் போனது என்று. சிறுவயதில் நான் அதைக் கதை என்றே நினைத்தேன். உண்மை. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி, 89 அடிப் பாய்க்கப்பல். அதற்கு முன்பே சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்றி வந்திருந்த வில்லியம் ஆல்பர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கினார். மனைவியின் பெயரைச் சூட்டி ஃபுளோரன்ஸ் சி. ரொபின்சன் ஆக்கினார். வல்வை மாலுமிகள் அதைச் செலுத்தினார்கள். செங்கடல், சுயெஸ், மத்தியதரைக் கடல், பிறகு அட்லாண்டிக். 1938 ஓகஸ்ட் 1-ஆம் தேதி குளோஸ்டரில் நங்கூரம் போட்டது. வெறுங்காலோடு நின்ற எங்கள் ஊர் ஆட்களைப் பார்க்கக் கரையில் கூட்டம் கூடியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அந்தத் துறைமுகத்தின் முகப்பில் சுக்கானைப் பிடித்தபடி நிற்கும் மீனவனின் சிலை 1925-இல் வைத்தது. அவர்களும் அதைப் பார்த்திருப்பார்கள். அதன் அருகே கடலில் மாண்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குளோஸ்டர் மீனவர்களின் பெயர்கள் பொறித்திருக்கின்றன.

குளோஸ்டருக்குப் பக்கத்து ஊர் எசெக்ஸ். சேற்று ஆறு ஒன்றின் கரையில் உள்ள சின்ன ஊர். அங்கே கட்டிய மரக்கப்பல்கள் நாலாயிரம் வரை வரும். அடுத்தது இப்ஸ்விச், ரொபின்சன் தன் சொந்தக் கப்பல் பட்டறையை வைத்திருந்த ஊர். அன்னபூரணியைப் பார்த்த எசெக்ஸ் ஓடாவிகள் யாராவது அதன் பலகையில் கை வைத்துத் தடவியிருப்பார்கள், நூல் திணித்த இடுக்குகளைக் குனிந்து பார்த்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தொழில் தெரிந்தவன் இன்னொருவன் வேலையைப் பார்த்துவிட்டுச் சும்மா போக மாட்டான். மொழி இல்லாமலே அவர்கள் பேசியிருப்பார்கள்.

என் இடம் கடைசியில் மெரிமாக் ஆற்றோரம் கிடைத்தது. அமெரிக்காவில் இடைவிடாமல் இயங்கும் மிகப் பழைய படகுப் பட்டறை, 1793-இல் தொடங்கிய லோவெல்ஸ், இதே ஆற்றின் கரையில் ஏம்ஸ்பரியில் இருக்கிறது. நான் சேர்ந்த யார்டு அப்படிப் பெயர் பெற்றதல்ல. சரளைக்கல் தரை, ஒரு தூக்கி, ஒரு தகரக் கொட்டகை. தொலைபேசியில் நான் கேட்டதற்கு யார்டுக்காரர் திருப்பி ஒரு கேள்வி கேட்டார்: "உங்களிடம் தூசி உறிஞ்சும் சாண்டர் இருக்கிறதா?" இருக்கிறது என்றேன். "அப்போ வாருங்கள்," என்றார்.

படகைத் தூக்கியின் இரண்டு பட்டைகளில் ஏந்திக் கொண்டுவந்து கட்டைகளில் இருத்தினார்கள். முக்காலிகளை வைத்து, பாதங்கள் மண்ணில் புதையாமல் பலகை கொடுத்து, சங்கிலி போட்டார்கள். அன்றைக்கே பக்கத்துப் படகுகளிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒருவர் சிங்க இறால் கூடு போட்டு ஓய்ந்தவர். ஒரு பெண் இரவுப் பணி முடித்துத் தூங்காமல் வருகிற தாதி. நீரில் இறக்கினால் உலகம் சுற்றப் போகிறாராம். யாரும் என்ன ஊர் என்று கேட்கவில்லை. தளத்தில் எங்கே மென்மை என்றுதான் கேட்டார்கள்.

இறால்காரர் வந்து என் சுழலித் தண்டில் இருந்த துத்தநாகக் கட்டியைத் தட்டிப் பார்த்தார். உலோகங்களைக் கடல் அரித்துத் தின்னாமல் தன்னையே முதலில் தின்னக் கொடுக்கிற கட்டி அது. உப்புக்கடலுக்குத் துத்தநாகம் சரி, ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கிற இந்த இடத்துக்கு அலுமினியம் போடு என்றார். அடுத்து அடிக்குழாய் வால்வுகள். வெண்கலத்தை உரசிப் பார்த்து மஞ்சளாக மின்னினால் நல்லது. இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் உள்ளிருந்த துத்தநாகம் கரைந்து போய்விட்டது, ஒரு நாள் கையோடு வந்துவிடும், படகு தாழும். என் வால்வுகளில் ஒன்று இளஞ்சிவப்பு. மாற்றினேன். கூலி ஆள் மாற்றியிருந்தால் பட்டியலில் ஒரு வரியாக வந்திருக்கும், நானும் காசு கட்டியிருப்பேன். இப்போது அந்த நிறம் எனக்குத் தெரியும். இன்னொருவர் படகில் பார்த்தாலும் சொல்லுவேன்.

தளத்தின் மேல்தோலை வெட்டி எடுத்தபோது உள்ளே பால்சா கறுப்புக் கூழாக இருந்தது. அதைச் சுரண்டி, காயவிட்டு, புதிய பால்சாவை எப்பொக்சியில் படுக்கவைத்து, மேலே கண்ணாடித் துணி அடுக்கி மூட வேண்டும். எப்பொக்சி குளிரில் இறுகாது. ஏப்ரலில் வெயில் இருக்கிற நாட்களில் மட்டும், கொட்டகைக்குள் விளக்குச் சூட்டில் டப்பாவை வைத்து இளக்கி, சிறிது சிறிதாகச் செய்தேன். தாதிப் பெண் வந்து பிடித்துக்கொண்டார். அவருடைய பாய்மரத்தை இறக்கியபோது நான் போனேன். இறுகிய தளத்தைச் சுத்தியல் பிடியால் சாண் சாணாகத் தட்டிக்கொண்டு போனேன். உள்ளே ஒட்டாத இடத்தில் ஒலி தட்டையாக விழும், ஒட்டிய இடத்தில் கணீரென்று வரும். எங்கே பழகியது என்று இறால்காரர் கேட்டார். என் தாயின் தகப்பனாரிடம், என்றேன்.

என் மகள் வசந்தத்தில் வந்து அடிக்குச் செப்புப் பெயின்ட் பூசினாள். முகமூடியோடு, கையுறையோடு, விரிப்பின் மேல் நின்று. அன்னபூரணி பற்றி அவளுக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அவள் கேட்டாள், அந்தக் கப்பலுக்கு அடியில் என்ன பூசியிருப்பார்கள் என்று. சுண்ணாம்பும் எண்ணெயும் எப்படிக் குழைப்பது என்பதைச் சொன்னேன். எவ்வளவுக்கு எவ்வளவு என்று கேட்டாள். அது அம்மப்பாவின் கைக்குத்தான் தெரியும்.

சென்ற மாதம் ரொறன்ரோவிலிருந்து ஒரு தம்பி பேசினான். எங்கள் பக்கத்துப் பிள்ளைதான். பழைய ஆல்பர்க் 30 ஒன்றை மலிவாக வாங்கிவிட்டான். ஒன்ராறியோ ஏரியில் நிறுத்தியிருக்கிறான். தளம் காலில் அமுங்குகிறதாம். "அண்ணை, எங்கை கொண்டுபோய் ஏத்துறது?" என்றான். அவனுக்குச் சொன்னேன்: அங்கே உறுப்பினர்களே வேலை செய்கிற பாய்ப்படகுக் கழகங்கள் இருக்கின்றன, முதலில் அவற்றைக் கேள். நீர்மட்டத்துக்குக் கீழேயும் நீயே செய்யலாமா என்று தெளிவாகக் கேள், பொதுவாகச் செய்யலாம் என்று சொன்னால் போதாது, எழுத்தில் வாங்கு. இரவில் படகில் தூங்க விடுவார்களா, மின்சாரம் உண்டா, பொருளை வெளியே வாங்கலாமா என்று கேள். தொலைபேசியில் கேட்டதோடு நிற்காமல் ஒரு சனிக்கிழமை நேரே போய் நட. எத்தனை படகுகளில் ஏணி சாத்தியிருக்கிறது, எத்தனை பேர் கையில் கருவியோடு நிற்கிறார்கள் என்று பார். நல்ல தண்ணீர் என்றபடியால் துத்தநாகமும் வேண்டாம், அலுமினியமும் வேண்டாம், மக்னீசியக் கட்டி போடு. முக்காலியில் கை வைக்காதே. தளத்தை வெட்டுவதற்கு முன் எனக்குப் படம் அனுப்பு; மே மாதத்தில் என் படகை இறக்கிய கையோடு நான் வருகிறேன்.